நடுக்குவாதத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த டாக்டர்: யார் இந்த ஜேம்ஸ் பார்கின்சன்? தோள்பட்டை வலிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 11 வந்தால் போதும், ஒரு பழைய போட்டோ சுற்ற ஆரம்பித்துவிடும். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், கறுப்பு கோட்டு, முறைத்த பார்வை. கீழே 'பார்கின்சன் நோயைக் கண்டறிந்த டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சன்' என்று எழுதியிருக்கும்.

அது அவர் இல்லை. அவராக இருக்கவே முடியாது.

ஜேம்ஸ் பார்கின்சன் இறந்தது 1824 டிசம்பர் மாதம். உலகில் இன்று மிச்சமிருக்கும் மிகப் பழைய கேமரா படமே அதற்குப் பிறகுதான் எடுக்கப்பட்டது. சரி, ஓவியமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. அவரைப் பழகிய நண்பர் ஒருவர் எழுதி வைத்த சில வரிகள்தான் நம்மிடம் இருக்கும் ஒரே அடையாளம். இகுவனோடான் என்ற டைனோசரை உலகுக்குச் சொன்னாரே கிடியன் மான்டெல், அவர்தான் அந்த நண்பர். பார்கின்சன் உயரம் கொஞ்சம் கம்மி, முகத்தில் துடிப்பும் அறிவும் தெரியும், பழகும் விதம் ரொம்ப மென்மை. இவ்வளவுதான் மான்டெல் சொன்னது.

உலகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் தினமும் உச்சரிக்கப்படும் பெயர். ஆனா முகம் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனுஷர் யார்? அவர் கண்ணில் பட்டது என்ன, கையில் படாமல் போனது என்ன? நம் வீட்டுப் பெரியவர்களின் தோள்பட்டை வலிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஹோக்ஸ்டன் சதுக்கம், முதலாம் எண் வீடு

1755 ஏப்ரல் 11. லண்டன் நகரத்துக்கு வடக்கே ஒட்டியிருந்த ஹோக்ஸ்டன் என்ற பகுதியில் பிறந்தார் ஜேம்ஸ். அப்பா ஜான் பார்கின்சன், மருந்து தயாரித்துக் கொடுத்து, வைத்தியமும் பார்த்து, தேவைப்பட்டால் கத்தியும் எடுப்பவர். அந்தக் காலத்தில் ஏழை, நடுத்தர மக்களுக்கு டாக்டர் என்றால் இப்படிப்பட்டவர்கள்தான். பட்டம் வாங்கிய பெரிய ஃபிசிஷியன்கள் பணக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

ஜேம்ஸும் அப்பாவிடமே தொழில் பழகினார். 1776-ல் லண்டன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பயிற்சி. அடுத்த வருஷமே ஒரு சம்பவம். தூக்கில் தொங்கிய ஒருவரை அப்பாவும் மகனும் சேர்ந்து மூச்சு வரவைத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக 1777-ல் ராயல் ஹியூமேன் சொசைட்டி இளம் ஜேம்ஸுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 22.

1784-ல் அப்பா இறந்துபோகிறார். அதே வருஷம் ஜேம்ஸ் அறுவை மருத்துவராக அங்கீகாரம் பெறுகிறார். அப்பாவின் வீடு, அப்பாவின் நோயாளிகள், அப்பாவின் மருந்துக் கடை எல்லாம் இவர் பொறுப்புக்கு வருகிறது. வாழ்நாளின் பெரும்பகுதி அதே ஹோக்ஸ்டனில்தான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் ஒரே தேவாலயத்தில், ஷோர்டிச் புனித லெனார்டு தேவாலயத்தில். இப்படி ஒரே ஏரியாவில் வாழ்க்கையை முடித்த ஒரு லோக்கல் டாக்டர்தான் உலக மருத்துவப் புத்தகத்தில் இடம் பிடித்தார்.

ஒரு சின்ன விஷயம், ஆனா முக்கியமானது. இவர் சுருக்கெழுத்து கற்றவர். 1785-ல் ஜான் ஹன்டர் என்ற அந்தக் காலத்தின் பிரபல அறுவை மருத்துவர் நடத்திய வகுப்புகளுக்குப் போய், அவர் பேசியதை எல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார். ஹன்டரோ நோயாளியை உற்றுக் கவனிப்பதையே வித்தை என்று நினைத்தவர். அந்தக் குறிப்புகளை பார்கின்சனின் மகன் 1833-ல் புத்தகமாக வெளியிட்டார். கவனிப்பது, கவனித்ததை உடனே எழுதி வைப்பது. இந்த இரண்டு பழக்கமும் பிற்பாடு என்ன செய்தது என்று பாருங்கள்.

பகலில் டாக்டர், ராத்திரியில் 'ஓல்டு ஹியூபர்ட்'

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாது. பார்கின்சன் ஒரு அரசியல் கலகக்காரர்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலம் அது. இங்கிலாந்தில் சாதாரண மனிதனுக்கு ஓட்டு கிடையாது. விலைவாசி எகிறியது. ஏழைகளுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டி என்ற அமைப்பில் பார்கின்சன் சேர்ந்தார். 'ஓல்டு ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்களாக எழுதித் தள்ளினார். ரத்தம் சிந்தாமலே மாற்றம் கொண்டுவர முடியும் என்பது அவர் வாதம். ஆனால் அரசாங்கம் அதையும் ரசிக்கவில்லை.

1794-ல் விவகாரம் முற்றியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடகக் கொட்டகையில் வைத்து, காற்றுத் துப்பாக்கியில் விஷ அம்பு வைத்துச் சுட்டுக் கொல்லத் திட்டம் என்று ஒரு வழக்கு. 'பாப்கன் சதி' என்று வரலாற்றில் பெயர். சங்கத்தைச் சேர்ந்த சிலர் கைது. அவர்களுக்காகச் சாட்சி சொல்லத் தானாகவே முன்வந்தார் பார்கின்சன். பிரதமர் வில்லியம் பிட் உட்கார்ந்திருந்த பிரிவி கவுன்சில் முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து நின்றார்.

அது விளையாட்டில்லை. விசாரணை இல்லாமலே ஆட்களைச் சிறையில் வைக்க அந்த வருஷம் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ராஜதுரோகம் என்று ஆனால் மரண தண்டனை. வீட்டில் மனைவி மேரி, சின்னக் குழந்தைகள். அந்த நிலைமையில்தான் ஓல்டு ஹியூபர்ட் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். தனக்கே ஆபத்தாக முடியும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்தார். கடைசியில் அந்த வழக்கு நிற்கவில்லை, கைதானவர்கள் விடுதலை ஆனார்கள். பார்கின்சனும் தப்பித்தார். அதற்குப் பிறகு அவர் பேனா அரசியலில் இருந்து மெதுவாக விலகி மருத்துவத்துக்குத் திரும்பியது.

மூட்டு வலி அவருக்கும் இருந்தது

1799-ல் இருந்து பொதுமக்களுக்கான மருத்துவப் புத்தகங்களை வரிசையாக எழுதினார். குடும்பங்களுக்கு ஒன்று, கிராமத்து மக்களுக்கு ஒன்று, மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் ஆபத்தான விளையாட்டில் அடிபடாமல் இருக்க ஒரு கதைப் புத்தகம்கூட உண்டு. இன்றைக்கு இருந்திருந்தால் நிச்சயம் யூடியூப் சேனல் வைத்திருப்பார்.

1805-ல் வந்த புத்தகம் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. கவுட் என்கிற மூட்டு நோயைப் பற்றியது. எந்த நோயாளியையும் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லாமல், தன் உடம்பையே சாட்சியாக வைத்து எழுதினார். காரணம், பல வருஷமாக அவருக்கே கவுட் இருந்தது. ராத்திரியில் கால் மூட்டு வீங்கித் தூக்கம் கெடுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர். யூரிக் அமிலம்தான் காரணம் என்ற பக்கம் நின்றார். அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே மூட்டுகளில் வரும் முடிச்சுகள், வாத வலி, சாப்பாட்டின் பங்கு எல்லாம் இடம்பெற்றிருக்கும்.

மூட்டு வலியை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த ஒரு டாக்டர், பின்னால் தன் பெயரையே தாங்கப்போகும் நோயில் மூட்டு வலி எங்கே இருக்கிறது என்று முழுசாகப் பார்த்தாரா? இந்தக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவே ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். ஹோக்ஸ்டனில் தனியார் மனநல விடுதிகள் இருந்தன. ஹோலி ஹவுஸ் என்ற ஒன்றில் பார்கின்சன் மருத்துவராக இருந்தார். 1810-ல் ஒரு பெண்ணை உறவினரே சதி செய்து அங்கே அடைத்த வழக்கு கோர்ட்டுக்குப் போனது. அடைப்பதற்குச் சான்று கொடுத்தவர் பார்கின்சன். பத்திரிகைகள் கிழித்தன. அடுத்த வருஷம் அவர் மனநல விடுதிச் சட்டங்களை எப்படித் திருத்தலாம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். அது பரிகாரமா, தற்காப்பா என்று வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் தோன்றுகிறது.

உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குப் புகழ் கொடுத்தது மருத்துவமே இல்லை, கல்! புதைபடிவங்கள் மேல் அவருக்குப் பைத்தியம். 1804-ல் இருந்து 1811 வரை மூன்று பெரிய தொகுதிகளாகப் புதைபடிவங்களைப் பற்றி, வண்ணப் படங்களோடு வெளியிட்டார். 1807-ல் லண்டனில் ஜியாலஜிக்கல் சொசைட்டி தொடங்கியபோது, வேதியியல் மேதை ஹம்ப்ரி டேவியோடு இவரும் நிறுவனர்களில் ஒருவர். அம்மோனைட் வகை ஒன்றுக்கு 'பார்கின்சோனியா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் பிற்காலத்தில் அவருக்குக் கொடுத்த தங்கப் பதக்கத்திலும் இந்தப் படிவ ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

தெருவில் கிடைத்த நோயாளிகள்

1817. பார்கின்சனுக்கு வயது 62. அப்போதுதான் 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. நடுங்கும் வாதம் என்ற பொருளில் தலைப்பு. மொத்தமே ஆறு நோயாளிகள்.

ஆறு பேரையும் ஆஸ்பத்திரி கட்டிலில் வைத்துப் பார்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரை தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

முதல் ஆள் ஒரு தோட்டக்காரர். ஐம்பது வயது தாண்டியவர், குடிப்பழக்கம் இல்லாதவர். இடது கையில் லேசாக நடுக்கம் ஆரம்பித்தது. சில நாள் அந்தக் கைக்கு வேலை அதிகமாகிவிட்டது, அதனால்தான் என்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். நம் ஊரில் மோட்டார் போட்டுத் தண்ணி தூக்கினேன், அதான் தோள் பிடிச்சிருக்கு என்று சொல்வார்களே, அதே மாதிரி. இரண்டாவது ஆள், நீதிபதி அலுவலகத்தில் வேலை பார்த்து வந்த 62 வயதுக்காரர். தெருவில் அவர் நடையைப் பார்த்துத்தான் பார்கின்சன் நிறுத்திப் பேசினார். மூன்றாவது ஆள் ஒரு மாலுமி, 65 வயது. ஸ்பெயின் சிறையில் மாதக்கணக்கில் ஈரத் தரையில் படுத்ததுதான் காரணம் என்பது அவர் நம்பிக்கை.

ஐந்தாவது ஆளைப் பற்றிய காட்சியை ஒருமுறை படித்தால் மறக்காது. அவரால் நிற்க முடியும், ஆனால் மெதுவாக நடக்க முடியாது, ஓடத்தான் முடியும். உதவியாள் எதிரே நின்று, இரண்டு தோளிலும் கை வைத்துப் பிடித்துக்கொள்வார். நோயாளி முன்னும் பின்னும் லேசாக ஆடி நிலை பிடிப்பார். பிறகு ஒரு குரல் கொடுத்ததும் கிளம்பி ஓடுவார். உதவியாள் விலகி, விழாமல் பிடிக்க முன்னாலேயே ஓடுவார். ஒரு இருபது அடி வைத்ததும் மறுபடி பிடித்து நிறுத்த வேண்டும். தூரத்தில் நின்று இதைப் பார்த்த டாக்டர், பெயர்கூடத் தெரியாத அந்த மனிதரை வரலாற்றில் பதிய வைத்துவிட்டார்.

வேலை செய்யாமல் சும்மா வைத்திருக்கும்போது வரும் நடுக்கம், முன்னால் வளையும் உடம்பு, நடை தானாக ஓட்டமாக மாறுவது. வெவ்வேறு நோய் மாதிரித் தெரிந்த இவற்றை ஒரே நோய் என்று கட்டிப்போட்டதுதான் பார்கின்சனின் சாதனை. தோட்டக்காரரின் கையையும், மாலுமியின் நடையையும், முகம் தெரியாதவரின் ஓட்டத்தையும் ஒரே நோயின் வெவ்வேறு கட்டம் என்று அவர் பார்த்தார். வேறு யாரும் அதுவரை அப்படிக் கோத்துப் பார்க்கவில்லை.

தோள்பட்டையில் ஆரம்பித்த வலி

அந்தப் புத்தகத்தின் பின்பகுதியில், நோய்க்குக் காரணம் என்ன என்று ஆராயும் இடத்தில், ஆறு பேரைத் தவிர வேறு சிலரைப் பற்றியும் எழுதுகிறார். பலர் தாண்டிப்போகும் பக்கங்கள் அவை.

ஒருவருக்குத் தோள்பட்டையின் மேல் தசையில் வாத வலி. இரண்டு மூன்று நாள் வழக்கமான தொல்லைதான். பிறகு ஒரு ராத்திரி வலி கை வழியே இறங்கி, முன்கை, விரல் வரை போய், விரல்களில் ஊசி குத்துவது போல் ஆனது. தூக்கம் போச்சு. அடுத்து ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் தோள் முதல் விரல் நுனி வரை வலி. மாதக்கணக்கில் வாத வலி என்றே நினைத்து அதற்குத்தான் வைத்தியம் நடந்தது.

இவர்களுக்கு இருந்தது பார்கின்சன் நோய்தான் என்று அவர் சொல்லவில்லை. இன்றைய டாக்டர் பார்த்தால் கழுத்து எலும்பில் நரம்பு அழுந்திய வலி என்றுதான் முதலில் சந்தேகப்படுவார். ஆனா பார்கின்சன் பிடித்த நூல் முக்கியமானது. தோளில் வலிக்கிறது என்பதால் கோளாறும் தோளில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மூலம் மேலே, கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கலாம் என்றார். நடுக்குவாதத்துக்கும் அதே இடத்தைத்தான் சந்தேகப்பட்டார்.

இடம் தப்பு. உண்மையான இடம் மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் 'கரும்பொருள்' என்ற சின்னப் பகுதி. அதை 1919-ல்தான் திரெத்தியாகோஃப் என்ற ஆராய்ச்சியாளர் அழுத்திச் சொன்னார். பார்கின்சன் சொன்ன வைத்தியமும் தப்பு. கழுத்தில் ரத்தம் எடுப்பது, கொப்புளம் போட வைப்பது, சீழை வடியவிடுவது என்று இன்று கேட்டாலே கூசும். ஆனால் தன் ஊகம் வெறும் ஊகம்தான், உடலை அறுத்துப் பார்த்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும் என்று புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தார்.

கையால் தொட்டிருந்தால்...

இப்போ அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். பார்கின்சன் தந்த வரையறையில் நடுக்கம் இருக்கிறது, நடை இருக்கிறது, கூன் இருக்கிறது. இல்லாதது ஒன்று உண்டு: தசை இறுக்கம்.

ஏன் இல்லை? இறுக்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. நோயாளியின் முழங்கையை டாக்டர் தன் கையால் பிடித்து மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். பல் சக்கரம் தடைபட்டு நகர்வது மாதிரி டக் டக்கென்று கையில் தெரியும். தெருவில் பார்த்தவரையும் தூரத்தில் ஓடியவரையும் எப்படித் தொட்டுப் பார்ப்பது?

அந்த இடத்தை நிரப்பியவர் பாரிஸ் நகரத்தின் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த ழான் மார்த்தன் ஷார்கோ. பார்கின்சன் இறந்து சுமார் நாற்பது வருஷம் கழித்து, தசை இறுக்கத்தையும் அசைவு மந்தமாவதையும் இவர் தனியாகப் பிரித்துக் காட்டினார். தசைக்குள் இழுத்துப் பிடிக்கும் வலி, ஒரே பக்கம் படுக்க முடியாமல் அடிக்கடி திருப்பிவிடச் சொல்லும் தவிப்பு இதையெல்லாம் கவனித்தார். எல்லாருக்கும் நடுக்கம் இருக்காது, பக்கவாதம் மாதிரி பலமும் போய்விடாது, அதனால் பழைய பெயர் பொருந்தாது என்று சொல்லி 'பார்கின்சன் நோய்' என்று பெயர் வைத்தவரும் இவர்தான். அந்த 66 பக்கப் புத்தகம் அப்போது கடைகளில் கிடைக்கவே இல்லை. மான்செஸ்டரில் இருந்த ஒரு நூலகர் அனுப்பித்தான் ஷார்கோ கைக்கு ஒரு பிரதி வந்தது.

இன்னொரு சுவாரசியம். நீண்ட ரயில், குதிரை வண்டிப் பயணம் முடிந்து வரும் நோயாளிகள் உடம்பு லேசானதாகச் சொல்வதைக் கேட்டு, ஷார்கோ ஒரு அதிரும் நாற்காலியே செய்ய வைத்தார். நம் காலத்தில் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அதிராத நாற்காலியில் ஓய்வாக உட்கார்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு நிம்மதிதான் கிடைத்தது.

தோள்பட்டை ஏன் முதலில் மாட்டுகிறது?

நடக்கும்போது நம் கை தானாக வீசும். பார்கின்சன் நோயின் ஆரம்பத்தில் ஒரு பக்கக் கை வீசுவது குறைந்துவிடும். நடுக்கமே இன்னும் வந்திருக்காது. அசையாத தோள் மூட்டு நாளடைவில் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அசைக்க மாட்டார்கள். இப்படித்தான் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்கிற உறைந்த தோள் உருவாகிறது. சிலருக்கு நடுக்கம் தெரிவதற்குப் பல மாதம் முன்பே இதுதான் முதல் அறிகுறி. எண்ணெய் தேய்ப்பது, ஊசி போடுவது, எலும்பு டாக்டரை மாற்றுவது என்று ஒரு வருஷம் ஓடிவிடும். 1817-ல் அந்தத் தோட்டக்காரர் வேலைப்பளுவைக் காரணம் சொன்னது மாதிரி.

உடனே பயப்பட வேண்டாம். தோள்பட்டை வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு பார்கின்சன் நோய் கிடையாது. உறைந்த தோளுக்கு நம் ஊரில் அதிகம் பார்க்கும் காரணம் சர்க்கரை நோய். ஆனா தோள் வலியோடு அதே பக்கக் கை வீசாமல் தொங்குவது, எழுத்து சின்னதாகிக்கொண்டே போவது, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கை கால் வீசுவது இதெல்லாம் சேர்ந்திருந்தால் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

நோய் உறுதியானவர்களுக்கு, வலியைக் கையாள்வதில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். லெவோடோபா மாத்திரை போட்ட நேரத்தையும் வலி ஏறும் நேரத்தையும் ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். அடுத்த மாத்திரைக்குக் கொஞ்ச நேரம் முன்பு வலி கூடி, போட்டதும் குறைந்தால், அது மூட்டுத் தேய்மானம் அல்ல, மருந்தின் வேலை தீர்ந்துபோவதால் வரும் இறுக்கம். விடியற்காலையில் கால் விரல்கள் மடங்கி இழுத்து வலிப்பதும் பலருக்கு இப்படித்தான். நோட்டைக் காட்டினால் டாக்டர் நேரத்தையோ அளவையோ மாற்றுவார். வலி மாத்திரை தேவைப்படாமலே போகலாம். நீங்களாக மாற்றவோ, நிறுத்தவோ கூடாது, திடீரென நிறுத்துவது ஆபத்து. பருப்பு, முட்டை, கறி மாதிரி புரதம் அதிகமான சாப்பாட்டோடு லெவோடோபா சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வார்கள்.

அடுத்தது அசைவு. மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் உடற்பயிற்சியை வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரல்களால் மேலே ஏறுவது, கைகளை வேண்டுமென்றே பெரிதாக வீசி நடப்பது. தொடங்கும் முன் பத்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் உதவும், சர்க்கரை நோயால் மரத்துப்போன தோல் என்றால் சூட்டில் கவனம். எந்த அளவு செய்யலாம் என்று ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வதுதான் சரி.

வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. நாற்காலியில் இருந்து எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்தோ கையைப் பிடித்தோ இழுக்காதீர்கள். இறுகிய தோள் அப்படித்தான் காயப்படுகிறது. முன்னால் நகர்ந்து உட்காரச் சொல்லி, பாதத்தைப் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து எழ விடுங்கள். சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அந்தக் கை கடைசி.

மருந்துக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்குவதில் இரண்டு சிக்கல். வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று வழக்கமான பிரச்சினை ஒரு பக்கம். ரசாஜிலின், செலிஜிலின் எடுப்பவர்களுக்கு ட்ராமடால் மாதிரி வலி மருந்து ஒத்துவராது என்பது இன்னொரு பக்கம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு பார்கின்சன் அறிகுறிகளையே கூட்டிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான், அதனாலேயே மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அளவு எங்கே போகும் என்று தெரியாது.

கடைசி நாட்கள்

புத்தகம் வந்த பிறகு பார்கின்சன் ஏழு வருஷம்தான் இருந்தார். மகன் ஜானும் டாக்டராகி அப்பாவோடு தொழில் பார்த்தார். இருவரும் சேர்ந்து கவனித்த ஒரு ஐந்து வயதுப் பையன், குடல்வால் ஓட்டை விழுந்து இறந்ததைப் பற்றிய அறிக்கை 1812-லேயே வந்திருந்தது. குடல்வால் நோய் வரலாற்றில் அதற்கும் ஒரு இடம் உண்டு.

1824 டிசம்பரில் பார்கின்சனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. டிசம்பர் 21 அன்று இறந்தார். வயது 69. பிறந்த ஊர் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்த படிவங்கள் பிறகு ஏலத்தில் பல கைகளுக்குப் போயின.

அவர் கண்ட நோய்க்கு டோபமைன் குறைவுதான் காரணம் என்று தெரியவர 1960 ஆனது. லெவோடோபா சரியான அளவில் வேலை செய்வதைக் காட்ட 1967 ஆனது. 1980-களில் நெதர்லாந்தில் பூ வளர்க்கும் ஒருவர், தனக்கும் அந்த நோய் இருந்ததால், தான் உருவாக்கிய சிவப்பு டியூலிப் ஒன்றுக்கு டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சன் என்று பெயர் வைத்தார். அடுத்த ஏப்ரல் 11-ல் யாராவது அந்தத் தாடிக்காரர் போட்டோவை ஃபார்வர்டு செய்தால், பதிலுக்கு அந்த டியூலிப் படத்தை அனுப்பலாம்.